கழிவு

அத்தியாயம் ஒன்பது

சென்ற வாரம் மாமாவின் தொலைபேசி அழைப்போடு நிறுத்தியிருந்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன். இந்த வாரம் நடந்தது முழுவதும் அந்த அழைப்பில் வந்த ஒரு சொல்லால்தான்.

"கார் சும்மா நிக்குது தம்பி. வருசம் முடிய முதல் கழிவுக்குக் குடுத்துவிடுவம். பேப்பர் அலுவலை நீங்கள் பாருங்கோ. அது இப்ப உங்கடை பொறுப்பிலைதானே கிடக்கு. திங்கட்கிழமை எனக்கு அரைநாள் வேலை. அண்டைக்கு எண்டால் வசதி."

பின்னால் மாமியின் குரலும் கேட்டது.

"கழிச்சு விடுங்கோ. முத்தத்திலை வைச்சுப் பாக்க ஏலாமல் கிடக்கு."

"சரி மாமா" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மாமா என்பது ஞானசேகரம். என் மனைவி ஆரபியின் அப்பா. லோறென்ஸ்கூக்கில் தபால் தரம் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறார். மாமி கனகேஸ்வரி. இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒஸ்லோவில் ஆரபியைப் பெற்றார்கள். நான் திருச்சிக்காரன். கம்பெனி அனுப்பி வந்தவன், ஆரபிக்காகத் தங்கியவன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவள் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனாள். கார் நிறுத்தும் தளத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே நேராக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். மூளைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்தது. பெல்ட்டைக் கழற்றாமலே போய்விட்டாள்.

காரில் ஒரு கீறல்கூட இல்லை.

எனக்குக் கார் ஓட்ட உரிமம் இல்லை. இந்திய உரிமம் இங்கே செல்லாது. மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டும். ஆரபிதான் பழக்கிக்கொண்டிருந்தாள். பழகுகிறவன் ஓட்டும் காரின் பின்னால் வெள்ளையில் சிவப்பு 'எல்' எழுதிய காந்த அட்டை ஒன்று ஒட்ட வேண்டும். அந்த அட்டை அப்படியே இருந்தது. மாமாதான் ஸ்ட்ரோம்மனிலிருந்து காரை எடுத்து வந்து தன் வீட்டு முற்றத்தில் விட்டார். எப்போதாவது எஞ்சினை மட்டும் ஓடவிட்டு அணைப்பார், மற்றபடி அங்கேயே நின்றது. இலை விழுந்தது, பனி விழுந்தது.

எங்கள் நால்வருக்கும் தமிழ்தான் தாய்மொழி. ஆனாலும் எங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அது ஆரபி.

முதல் முறை அந்த வீட்டுக்குப் போனபோது, வாசலில் நின்ற மாமாவின் வேனைப் பார்த்து, மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உங்க வண்டி ரொம்பப் பெருசா இருக்கே மாமா" என்றேன். மாமா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். அவர்கள் ஊரில் வண்டி என்றால் தொப்பை. மாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆரபி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, அவர் வேனைச் சொல்லுறார்."

அதற்குப் பிறகு எல்லாம் அவள் வழியாகத்தான் போய் வந்தது. அவர்கள் "பேசினார்" என்றால் திட்டினார் என்று அர்த்தம். நான் "பேசினேன்" என்றால் பேசினேன் என்றுதான் அர்த்தம். நடுவில் அவள் உட்கார்ந்து இந்தப் பக்கத்துச் சொல்லை அந்தப் பக்கம் திருப்பி வைப்பாள். மாமாவும் நானும் ஒருவருக்கொருவர் நேராகப் புரிந்துகொள்கிறோம் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

எங்கள் ஊரில் கழிவு என்றால் ஒன்றுதான். கழிவுநீர். தொழிற்சாலைக் கழிவு. வேண்டாம் என்று வெளியே தள்ளுவது.

ஆரபியின் காரைக் கழிவாக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அதுவும் வருடம் முடிவதற்குள். புது வருடத்துக்கு அது முற்றத்தில் நிற்கக் கூடாது. கோபம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு எனக்கு எதுவும் சரியான நேரத்தில் வருவதில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த வாரமே ஒருவர் தன் அக்கா மகளின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். அதற்கும் கோபம் வரவில்லை. பெண் களையாக இருந்தாள் என்று நினைத்துவிட்டு அழித்தேன்.

பழைய கார்களை உடைக்கும் நிறுவனம் ஒன்றின் இணையப் பக்கத்தில் பதிவு செய்தேன். வாகனம் யாருடையது என்று கேட்டது. இறந்தவரின் உடைமைக்கு நோர்வேஜிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது. டோட்ஸ்பூ. அதில் கடைசிப் பகுதிக்கு வீடு, இருப்பு என்று பொருளாம். என் காதில் பூ என்றுதான் விழுந்தது. அந்தக் கட்டத்தில் குறி போட்டேன்.

'ஏற்பாடு பண்ணிட்டேன் மாமா. திங்கட்கிழமை எடுத்துக்குவாங்க' என்று செய்தி அனுப்பினேன். மாமா ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினார்.

*

ஆண்டின் கடைசித் திங்கட்கிழமை. கிறிஸ்துமஸுக்கும் புதுவருடத்துக்கும் நடுவில் இந்த நாட்டில் யாரும் எதற்கும் அவசரப்படுவதில்லை. பேருந்தில் நானும் ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும் மட்டும்.

மாமா வேலைக்குப் போயிருந்தார். மாமி கதவைத் திறந்தார்.

"வாங்கோ தம்பி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வாங்கோ. சாப்பிட்டியளே?"

"ஆச்சு அத்தை." சொன்ன பிறகு திருத்திக்கொண்டேன். "ஆச்சு மாமி."

"அத்தையெண்டே கூப்பிடுங்கோ. இனி ஆர் திருத்தப் போகினம்."

தேநீர் வந்தது. சுவரில் ஆரபியின் படம், அதன் மேல் ஒரு சிறிய மின்விளக்கு. இருவரும் அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

"இண்டைக்கு அந்தப் பெட்டை வருவாள் எண்டவர்" என்றார் மாமி.

"எந்தப் பொண்ணு?"

பதில் சொல்வதற்குள் வெளியே இழுவை லாரி வந்துவிட்டது. மஞ்சள் நிறம். கதவில் பெரிய எழுத்தில் நிறுவனத்தின் பெயர், அதன் கீழே நசுங்கிய கார் ஒன்றின் படம். மாமி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது உடைக்கிற இடத்து லொறியெல்லே?"

"ஆமா மாமி."

"உடைக்கவே குடுக்கிறியள்?"

"ஆமா. மாமாதான கழிவுக்குக் குடுக்கச் சொன்னாரு."

"மாமா சொன்னவரோ?"

"ஆமா. போன்ல. நீங்களும் பக்கத்துல இருந்தீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த தன் தொலைபேசியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அப்போது நான் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"சரி" என்றார். "பொறுங்கோ. சும்மா விடக்கூடாது."

சமையலறைக்குப் போய் ஒரு தேசிக்காயும் கற்பூரமும் எடுத்து வந்தார். மேலே குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டார். நாங்கள் முற்றத்தில் இறங்கினோம்.

லாரி ஓட்டுநர் இளைஞன். பிணைக்கும் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மாமி காரின் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினார். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை பிடித்தது. தேசிக்காயைக் கார் முகப்பில் சுற்றி, முன் சக்கரத்தின் கீழே வைத்தார். உதடுகள் அசைந்தன. இளைஞன் எதுவும் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிக் கைகளைக் கட்டிக்கொண்டான். மரியாதையாக இருந்தது.

"எங்க ஊர்ல புது வண்டி வாங்கினாதான் எலுமிச்சம்பழம் வைப்பாங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"இது கழிப்பு, தம்பி. பிடிச்சது எதுவெண்டாலும் இதோடை போகட்டும்." என் கையைத் தொட்டார். இதுவரை தொட்டதில்லை. "என்ரை பிள்ளையைக் கொண்டுபோன கார். இதிலை இனி ஒருத்தரும் இருக்கக் கூடாது."

நான் பின்னால் போய்ச் சிவப்பு எல் அட்டையைப் பிடுங்கினேன். குளிரில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. மேல்கோட்டின் உட்பைக்குள் வைத்தேன்.

கம்பிவடம் இறுகியது. கார் பின்னோக்கி நகர்ந்து லாரியில் ஏறியது. தேசிக்காய் நசுங்கிப் பனியில் மஞ்சளாகப் பரவியது. இளைஞனிடம் சாவியைக் கொடுத்தேன். அவன் கைப்பேசித் திரையை நீட்டினான். விரலால் கையெழுத்துப் போட்டேன்.

லாரி திருப்பத்தில் மறையும்போது என் தொலைபேசி அதிர்ந்தது. வாகனம் பதிவேட்டிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டது. ஒரு வரி. நன்றி என்று இன்னொரு வரி.

மாமி உள்ளே போய்க் கை கழுவினார். எனக்கு இடியப்பம் எடுத்து வைத்தார். நன்றாகச் சாப்பிட்டேன். அதுதான் எனக்கு இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

*

மதியத்துக்குப் பிறகு மாமாவின் வேன் வந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு நோர்வேஜியப் பெண் இறங்கினாள். நீலத் தொப்பி, முதுகுப்பை. மாமா முகம் சவரம் செய்திருந்தார். கழுத்தில் டை. தபால் நிலையத்துக்கு யாரும் டை கட்டிப் போவதில்லை.

இருவரும் முற்றத்தில் நின்றார்கள். எல்லா இடமும் வெள்ளை. கார் நின்ற இடம் மட்டும் கறுப்பாக நீள்சதுரமாக இருந்தது. அதன் ஓரத்தில் நசுங்கிய தேசிக்காய்.

நான் படியில் நின்றேன்.

"கார் எங்கை தம்பி?"

"காலைலயே எடுத்துட்டுப் போய்ட்டாங்க மாமா."

"ஆர்?"

"ஸ்க்ராப்காரங்க."

அவர் புரியாமல் சிரித்தார். "இல்லைத் தம்பி. இவதான் யூலியா. இவதான் காரை எடுக்க வந்திருக்கிறா. திராமனிலை இருந்து ரெயினிலை வந்தவ. காரிலை திரும்பிப் போறதெண்டு."

யூலியா கையை நீட்டினாள். நான் குலுக்கினேன். அவள் விவரம் தெரியாமல் உற்சாகமாகப் பேசினாள். திராமனில் அவர்களுக்கு ஒரு சிறிய தொண்டு அமைப்பு இருக்கிறது. அகதியாக வந்த பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறார்கள். ஓட்டத் தெரிந்தால் முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் வேலை கிடைக்கும். அவர்களிடம் இருந்த இரண்டு கார்களில் ஒன்று போய்விட்டது. ஆரபியின் சிவப்பு டொயோட்டா அளவில் சின்னது, கியர் லேசானது, பழகுவதற்குப் பொருத்தமானது.

"உங்கள் மனைவியும் அதில்தான் உங்களுக்குப் பழக்கினாராமே" என்றாள்.

நான் மாமாவிடம் திரும்பினேன்.

"நீங்கதான மாமா கழிவுக்குக் குடுக்கச் சொன்னீங்க."

"ஓம். கழிவுக்கு."

"கழிவுன்னா குப்பைதான?"

மாமா டையைத் தளர்த்தினார்.

"கழிவெண்டால் கட்டுற வரியிலை கழிக்கிறது, தம்பி. வரிக்கழிவு. பிராட்ராக். சேவைக்குக் குடுத்தால் வரியிலை கழிப்பாங்கள். வருசம் முடிய முதல் குடுக்கவேணும்." அவர் குரல் கீழே போனது. "நான் வீட்டிலை பிராட்ராக் எண்டுதான் சொல்லுறனான். உங்களுக்கு வடிவா விளங்கவேணும் எண்டுதானே தமிழிலை சொன்னனான்."

பக்கத்து வீட்டில் ஒருவர் பனி அள்ளிக்கொண்டிருந்தார். மண்வாரி தரையில் உரசும் சத்தம்.

"குப்பையெண்டால் குப்பையெண்டு சொல்லியிருப்பனே" என்றார் மாமா.

*

சமையலறையில் நால்வரும் இருந்தோம். யூலியா அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். பதிவு செய்த குரல் வந்தது. இன்று மதியத்தோடு மூடிவிட்டார்கள்.

அவள் தொப்பியை மடியில் வைத்து முறுக்கினாள். எங்கள் சண்டையின் மொழி அவளுக்குத் தெரியாது. ஆனால் பிராட்ராக் என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அதற்குத்தான் எல்லோரும் வருந்துகிறோம் என்று நினைத்துவிட்டாள்.

"வரிக்கழிவை நினைத்து வருத்தப்பட வேண்டாம்" என்றாள். "காராகக் கொடுத்தால் அது எப்படியும் கிடைக்காது. பணமாகக் கொடுத்தால் மட்டும்தான். நான் ஞானாவிடம் முதல் நாளே சொன்னேனே."

மாமிக்கு அந்த அளவு நோர்வேஜியன் புரியும்.

"இஞ்சை பாருங்கோ. இந்தப் பெட்டை என்ன சொல்லுறாள்?"

மாமா தேநீர்க் கோப்பையின் பிடியைத் திருப்பினார்.

"கழிவு இல்லையாம் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப என்னத்துக்கு எனக்குப் பிராட்ராக் பிராட்ராக் எண்டு சொன்னனியள்?"

"கழிவெண்டாத்தான் நீ பேசாமல் விடுவாய்." அவர் தலை நிமிரவில்லை. "நான் வெறும் போத்தலைத் திருப்பிக் குடுத்தால் வாற பாண்ட் காசுக்கே கடைக்கு நடக்கிறவன். கழிவுக்காகக் குடுக்கிறன் எண்டால் ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டினம். சும்மா குடுக்கிறன் எண்டால் கேப்பியள். நான் என்னத்தைச் சொல்லுறது?"

"என்னத்தைச் சொல்லவேணும்?"

"அது ஓடவேணும், கனகம். பனியிலை கிடந்து கறள் பிடிக்கக் கூடாது. ஒரு பெட்டை அதிலை இருந்து ஓடப் பழகவேணும். அவ்வளவுதான். எங்கையோ ஒரு றோட்டிலை அது போய்க்கொண்டிருக்கு எண்டு எனக்குத் தெரிஞ்சால் காணும்."

மாமி எழுந்து நின்றார்.

"என்ரை பிள்ளையின்ரை உயிர் போன சீற்றிலை இன்னொருத்தியின்ரை பிள்ளையை இருத்தப் பாத்தனியளோ? அந்தத் தாய்க்கு நீங்கள் சொன்னியளோ, இது எப்படிப்பட்ட கார் எண்டு? சொல்லுங்கோ. இந்தப் பெட்டைக்காவது சொன்னியளோ?"

"சொன்னனான்" என்றார் மாமா. "முதலிலை அதைத்தான் சொன்னனான். அவ சொன்னா, எங்களிட்டைப் பழக வாற பெண்டுகள் எதையெல்லாம் தாண்டி வந்தவையெண்டு உனக்குத் தெரியாது, அவை காருக்குப் பயப்பிட மாட்டினம் எண்டு."

மாமி மறுபடி உட்கார்ந்தார். மாமா முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தேசிக்காய் வைச்சது ஆர்?"

"நான்."

"அப்ப லொறி வரேக்கை நீ நிண்டனீ."

"நிண்டனான்."

"உனக்குக் கழிவெண்டால் என்னவெண்டு தெரியும். தம்பிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிழையா விளங்கிப்போட்டார் எண்டும் தெரியும்."

"ஓம்."

"எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம் கனகம்."

"எடுக்கேல்லை."

மேசையில் கிடந்த அந்தத் தொலைபேசியை நான் பார்த்தேன். காலையில் அவர் பார்த்ததுபோலவே. அது துக்கம் இல்லை என்று அப்போது விளங்கியது. நான் கொண்டுவந்த தப்பை அவர் ஒரு கணம் கையில் வைத்து எடை பார்த்திருக்கிறார். பிறகு அதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் என் கையைத் தொட்டார்.

கோபம் வந்தது. எட்டு மாதம் கழித்து, வந்து சேர்ந்தது. ஆனால் யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. அவர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாம் அத்தை" என்றேன்.

"சொல்லியிருந்தால் நிப்பாட்டியிருப்பியள்" என்றார். "கெட்டிக்காரப் பிள்ளை நீங்கள். ஆனால் கேக்கேல்லை. அண்டைக்குப் போனிலை அவர் சொல்லேக்கை, ஏன் மாமா அவளின்ரை காரைக் குப்பையிலை போடுறியள் எண்டு ஒரு வார்த்தை கேட்டனீங்களே? நாங்கள் அப்படிப்பட்ட ஆக்கள்தான் எண்டு நீங்களும் நினைச்சிருக்கிறியள்."



யூலியா எழுந்தாள். ரயில் நேரம் என்று ஏதோ சொன்னாள். வாசலில் மாமியின் கையைப் பிடித்து ஆழ்ந்த அனுதாபம் என்றாள். மாமி அவளுக்கு ஒரு பெட்டியில் வடை கட்டிக் கொடுத்தார். அவள் வேண்டாம் என்றாள். மாமி விடவில்லை.

*

யூலியாவை நிலையத்தில் இறக்கிவிட்டோம். மாமா வீட்டுப் பக்கம் திருப்பவில்லை.

"அந்த இடத்தின்ரை விலாசம் உங்களிட்டை இருக்கோ?"

"இருக்கு. ஆனா மூடியிருக்கும் மாமா."

"பாப்பம்."

வழி ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியைத் தாண்டித்தான். கார் நிறுத்தும் தளத்தின் நுழைவாயிலில் இன்னும் கிறிஸ்துமஸ் விளக்குகள். மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் திரும்பினேன். உள்ளே போக ஒரு வரிசையே நின்றது. தள்ளுபடி விற்பனை. பெரிய சிவப்பு எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். அதையும் இவர்கள் ஊரில் கழிவு என்றுதான் சொல்வார்கள் போல. எத்தனை கழிவு வைத்திருக்கிறார்கள்.

மாமா ஒரே ஒரு முறை பேசினார்.

"ஆரபி இருந்திருந்தால், போனிலை நான் சொன்ன உடனை சிரிச்சிருப்பாள்."

"ஆமா."

"உங்களுக்கும் எனக்கும் இடையிலை அவள் எவ்வளவு வேலை செய்திருக்கிறாள் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு."

தொழிற்பேட்டையின் கடைசியில் அந்த இடம். உயரமான கம்பி வேலி. நான்கு மணிகூட ஆகவில்லை, நன்றாக இருட்டிவிட்டது. உள்ளே ஒரே ஒரு விளக்குக் கம்பம். அதன் வெளிச்சம் போகும்வரை கார்கள். கதவு இல்லாதவை, சக்கரம் இல்லாதவை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியவை. அதற்கு அப்பால் வெறும் இருட்டு.

நான் வேலியோடு நடந்து தேடினேன். சிவப்பு எதுவும் இருட்டில் சிவப்பாக இல்லை.

"காணேல்லையே" என்றார் மாமா.

"இல்ல மாமா."

அவர் குளிர்ச்சட்டையின் பையில் கையை விட்டார். மற்றச் சாவி. ஆரபி அவரிடம் கொடுத்து வைத்திருந்தது. யூலியாவிடம் கொடுப்பதற்காக எடுத்து வந்திருப்பார். புதிய சாவிவளையம் போட்டிருந்தார், சிறிய கம்பளிப் பந்து ஒன்று தொங்கும் வளையம். யாரோ ஒரு பெண் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டப் பழகுவாள் என்று நினைத்து வாங்கியிருக்க வேண்டும்.

கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி அழுத்தினார்.

ஒன்றும் இல்லை.

இரண்டடி தள்ளிப் போய் மறுபடி அழுத்தினார்.

இருட்டுக்குள், அடுக்குகளுக்குப் பின்னால், மஞ்சள் வெளிச்சம் இரண்டு முறை சிமிட்டியது. கார் நிறுத்தும் இடங்களில் ஆரபி தன் காரைத் தேடும்போது சிமிட்டுமே, அதே மாதிரி.

பேட்டரியை இன்னும் கழற்றவில்லை. அதாவது இன்னும் தொடவில்லை.

மாமா மறுபடி அழுத்தினார். அது மறுபடி பதில் சொன்னது. அவர் மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது. நான் உட்பையில் இருந்த எல் அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சில்லென்று இருந்தது.

"பதிவேட்டுலேர்ந்து எடுத்துட்டாங்க மாமா" என்றேன். "நிரந்தரமா. மெசேஜ் வந்துடுச்சு. இனி ரோட்டுல ஓட்ட முடியாதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியளோ, வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியாது."

அவருடைய தொலைபேசி அடித்தது. மாமி. ஒலிபெருக்கியில் போட்டார். ஒரு கையில் தொலைபேசி, மற்றக் கை கம்பிக்கு உள்ளே.

"எங்கை நிக்கிறியள்?"

"வாறம்."

"காரைக் கண்டனீங்களே?"

மாமா சாவியை அழுத்தினார். வெளிச்சம் சிமிட்டியது.

"இல்லை" என்றார். "அது முடிஞ்சுது."

மாமியின் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. "சரி, வாங்கோ. சாப்பாடு ஆறுது. தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." வைத்துவிட்டார்.

இன்றைக்கு அந்த வீட்டில் மாமி சொல்லாமல் விட்டது ஒன்று. இப்போது மாமா சொன்ன பொய் ஒன்று. கணக்கு நேராகிவிட்டதாக மாமா நினைத்திருப்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமி அழுதது தன் மகளுக்காக. அவரை ஒரு பொய்ச் செய்தியைச் சொல்லி அழ வைத்துவிட்டோம்.

வாயிற்கதவில் ஒரு பலகை மாட்டியிருந்தது. மாமா தன் கண்ணாடியை வேனிலேயே விட்டுவிட்டார்.

"தம்பி, அதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசியுங்கோ."

நான் தொலைபேசி வெளிச்சத்தைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை காலை திறப்பார்கள். அன்றே பிரித்தெடுக்கும் வேலை தொடங்குவதால், வாகனத்தில் விட்ட பொருள்களை எடுக்க வருகிறவர்கள் அதற்கு முன்பே அலுவலகத்துக்கு வர வேண்டும்.

சொன்னேன்.

"அப்படியில்லை" என்றார் மாமா. "ஆறுதலாச் சொல்லுங்கோ. ஒவ்வொரு சொல்லாச் சொல்லுங்கோ. நான் திருப்பிச் சொல்லுறன். சரியோ எண்டு பாருங்கோ."

நான் என் தமிழில் முதல் வரியைச் சொன்னேன். அவர் தன் தமிழில் திருப்பிச் சொன்னார். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனோம்.

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு வேலையோ?"

"லீவு போடுறேன்."

"கனகத்துக்கு..."

"சொல்லமாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, எனக்கு விளங்கியதா என்று உறுதி செய்துகொள்ள, "சொல்லக் கூடாது" என்று மறுபடி சொன்னார்.